மூச்சுவிட மறந்த கம்ப்ரசர்

செம்மேட்டில் நான் பல் கிளினிக் தொடங்கியபோது வீட்டில் எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மலை மேல உனக்கு ஆள் வருமா?" முதல் வாரமே ஆள் வந்தது. பஸ்ஸில் வந்தார்கள், ஜீப்பில் வந்தார்கள், திண்ணனூர் நாட்டுக் கிராமங்கள் பக்கமிருந்து ஒற்றையடிப் பாதையில் ரோடு வரை நடந்து, அங்கிருந்து யாருடைய பைக்கிலாவது தொற்றிக்கொண்டு வந்தார்கள். எனக்குத் தொல்லை கொடுத்தது கிளினிக்குக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழ், இடுப்பளவு உயரத்தில் நின்றிருந்த கம்ப்ரசர்.

பல்லைக் குடையும் கருவி கரண்டில் சுற்றுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது சுற்றுவது காற்றில். பின்னால் இருக்கும் மோட்டார் காற்றை அமுக்கி அமுக்கி ஒரு தொட்டிக்குள் அடைக்கும். அங்கிருந்து குழாய் வழியாக வரும் காற்று, என் கையிலிருக்கும் கருவியின் தலைக்குள் உள்ள குட்டிச் சக்கரத்தைச் சுழற்றும். காற்று நின்றுவிட்டால் நானும் நின்றுவிட வேண்டியதுதான். கண்ணாடியையும் கம்பியையும் வைத்துக்கொண்டு நோயாளியின் வாயை எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஐந்து வருடம் படித்தேனே, அதில் கம்ப்ரசர் பற்றி ஒரு மணி நேரமாவது யாராவது பேசியிருப்பார்களா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை.

முதல் மழைக்காலத்திலேயே அது என்னைச் சோதித்தது. பல்லை உலர்த்துவதற்காகக் காற்றை அடித்தால் காற்றோடு தண்ணீரும் தெறித்தது. நோயாளி ஒருவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உள்ளுக்குள்ளயும் மழைங்களா?" என்றார். நாமக்கல்லில் இருக்கும் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "மலைக் காத்துல ஈரம் சாஸ்தி மேடம். அது தொட்டியில தண்ணியா நின்னுக்கும். அடியில ஒரு திருகு இருக்கு பாருங்க, தெனமும் சாயந்திரம் அதைத் தொறந்து தொட்டியக் காலி பண்ணிட்டுப் போங்க" என்றார். அன்று திருகைத் திறந்தபோது டீ நிறத்தில் அரைச் சொம்பு தண்ணீர் வந்தது. அன்றிலிருந்து சாயங்காலம் தொட்டியைக் காலி செய்யாமல் நான் கதவைப் பூட்டியதில்லை. அந்தப் பழக்கம்தான் பின்னால் ஒரு நாள் என்னை நன்றாக ஏமாற்றியது.

அது வைகாசி மாதம். தங்கையின் கல்யாணத்துக்காகப் பத்து நாள் கிளினிக்கை மூடிவிட்டு ராசிபுரம் போயிருந்தேன். திரும்பி வந்த திங்கட்கிழமை காலையில் வாசலில் ஏற்கெனவே நான்கு நோயாளிகள். செம்மேடு முழுக்கப் பலாப்பழ வாசனை. உதவிக்கு வரும் பெண் அன்று லீவு. எழுபது வளைவு ஏறி வந்த தலைச்சுற்றல் இன்னும் போகாத நிலையில் விளக்கைப் போட்டேன், கம்ப்ரசரைப் போட்டேன். அது சமர்த்தாக ஓடி, தொட்டியை நிரப்பிவிட்டு நின்றது. வழக்கத்தைவிட அமைதியாக நின்ற மாதிரி இருந்தது. பத்து நாள் ஓய்வு அதற்கும் நல்லதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நோயாளி ஒரு அக்கா. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கெட்டியான கைகள், நகத்தோரம் கறுப்பு மை. சோளக்காட்டு ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார் என்று கூட வந்த அவருடைய வீட்டுக்காரர் சொன்னார். வீட்டுக்காரருக்கு மிளகும் மரவள்ளியும் போட்ட காடு. கடை முழுக்க முழுக்க அக்காவினுடையது. மூன்று நாளாகக் கீழ்க் கடைவாய்ப் பல் அக்காவைத் தூங்கவிடவில்லை.

"உள்ள பூச்சி இருக்குதுங்க டாக்டரம்மா. ராத்திரியில நெளியறது எனக்கே தெரியுது" என்றார்.

வாரத்துக்கு நாலு பேர் என்னிடம் இதைச் சொல்வார்கள். நானும் வாரத்துக்கு நாலு தடவை அதே பதிலைச் சொல்வேன். "பல்லுல பூச்சியெல்லாம் இருக்காதுக்கா. அது கிருமி, கண்ணுக்குத் தெரியாது. நெளியாது."

"நெளியுதுங்கறேன்" என்றார் அக்கா.

"நெளியுதுங்கறாளே" என்றார் வீட்டுக்காரர்.

சண்டை போடாமல் ஊசியைப் போட்டேன். பத்து நிமிடத்தில் ஒரு பக்க உதடும் நாக்கும் மரத்துப் போயின. பஞ்சை அடக்கி வைத்து, பல்லைக் குடைய ஆரம்பித்தேன். பாதி வேலை ஆகியிருக்கும். கையிலிருந்த கருவியின் கீச்சுக்குரல் மெல்லத் தணிந்தது. வேகம் குறைந்து, முனகி, நின்றே போனது. பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம்: "ம்ம்ம்ம்ம்ம்." மாடு படுத்துக்கொண்டு எழ மறுப்பது போன்ற உறுமல். பிறகு டக்கென்று ஒரு ஓசை. அதன்பின் எதுவும் இல்லை.

"ஒரு நிமிசம்க்கா. வாயைக் கடிச்சிராதீங்க, மரத்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஓடினேன்.

தொட்டியின் மீட்டரில் முள் நாலில் நின்றது. மோட்டாரின் பக்கவாட்டில் ஒரு சிவப்புப் பொத்தான் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அதிகச் சுமை வந்தால் அது தானாகத் துள்ளிக் கரண்டை வெட்டிவிடும். ஆறட்டும் என்று கொஞ்சம் பொறுத்து, அதை அமுக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன். மறுபடியும் அதே "ம்ம்ம்ம்." மோட்டார் சுற்ற நினைக்கிறது, சுற்றவில்லை. மறுபடியும் டக்.

மலையில் எது ஓடாவிட்டாலும் முதலில் சந்தேகப்படுவது வோல்டேஜைத்தான். ஸ்டெபிலைசரைப் பார்த்தேன், முள் சரியாகத்தான் இருந்தது. ஜன்னலோரம் போய் சிக்னல் பிடித்து மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டு, உறுமலைக் கேட்கச் சொன்னேன்.

"மோட்டாரைக் கெளப்பி உடற கெப்பாசிட்டர் போயிருக்கும் மேடம். புதுசு வாங்கிக்கிட்டு நாளன்னைக்கு வாரேன்."

"நாளன்னைக்கா? பாதிப் பல்லோட ஒருத்தங்க உக்காந்திருக்காங்களே!"

"பஞ்சு வெச்சு அனுப்புங்க மேடம்" என்றார். சிக்னல் போய்விட்டது.

அழுகை வரும் போலிருந்தது. தற்காலிகமாக அடைத்து அனுப்ப வேண்டியதுதான் என்று முடிவு செய்து திரும்பினால், நாற்காலி காலி. அக்கா கழுத்தில் கட்டிய நீலத் துணியோடு, வாயில் பஞ்சோடு, எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் பார்வை என்மேல் இல்லை, கம்ப்ரசர் மேல் இருந்தது. பொதுவாக மனிதர்கள் குழந்தையைப் பார்க்கும் பார்வை அது.

"அக்கா, நீங்க உள்ள உக்காருங்க..."

அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடு பார்க்கிறார். குனிந்து தொட்டியில் காதை ஒட்டினார். பிறகு நிமிர்ந்து என்னிடம் ஏதோ கேட்டார். மரத்த நாக்கும் மூன்று உருண்டைப் பஞ்சும் சேர்ந்து அதை "ஊ ஆ ஊவ்வா?" என்று ஆக்கின.

அதற்குள் வீட்டுக்காரரும் வந்துவிட்டார். "தண்ணி கேக்கறாளுங்க" என்றார்.

அக்கா அவரை முறைத்தார். மீட்டரின் முள்ளைக் காட்டினார், விரலை மேலே மேலே கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு உதட்டைக் குவித்து ஒரு சத்தம் எழுப்பப் பார்த்தார். ஒரு பக்க உதடு குவிந்தது, மறுபக்கம் தொங்கியது. "ப்பூ" என்று வந்தது, கொஞ்சம் எச்சிலோடு.

"பூவுங்களா? பூவு எதுக்கு இப்ப?" வீட்டுக்காரருக்கே குழப்பம். "சாமிக்கு வெக்கச் சொல்றாளோ என்னமோ. மிசினுக்குப் பூசை போடோணும்ங்கறா."

அக்கா அவர் தோளில் ஒரு அடி போட்டார். வாசல் பெஞ்சில் காத்திருந்த மற்ற மூன்று பேரும் இப்போது பின்பக்கம் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதில் கன்னம் வீங்கிய ஒரு அம்மா, "சைக்கிள் டயரு காத்து எறங்குற மாதிரி சொல்றாங்க கண்ணு" என்றார். அக்கா அந்த அம்மாவை நோக்கி இரண்டு கையையும் தட்டினார். அதேதான்!

நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு நீட்டினேன். அதை முன்பே செய்திருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை, சிரிப்பை அடக்குவதே பெரிய வேலையாக இருந்தது. அக்கா நின்றபடியே சுவரில் வைத்து எழுதினார்: "ரொம்பி நிக்கும்போது புஸ்ஸுன்னு மூச்சு உடுமே. உட்டுச்சா?"

விட்டதா? யோசித்துப் பார்த்தேன். தினமும் தொட்டி நிரம்பி மோட்டார் நிற்கும்போது "புஸ்" என்று ஒரு சத்தம் வரும். மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டுக் காதில் விழாமலே போன சத்தம். இன்று காலை அமைதியாக நின்றது என்று சந்தோஷப்பட்டேனே, அதில் இல்லாமல் போனது அந்தப் புஸ்தான்.

"உடலைக்கா" என்றேன்.

அக்காவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. மறுபடி எழுதினார், இந்த முறை வேகமாக: "கெப்பாசிட்டர் இல்ல. தொட்டியக் காலி பண்ணிப் போடுங்க. ஓடும்."

அடித் திருகைத் திறந்தேன். இருந்த காற்றெல்லாம் சீறிக்கொண்டு வெளியேறியது. முள் பூஜ்யத்துக்கு வந்ததும் திருகை மூடி, சிவப்புப் பொத்தானை அமுக்கி, சுவிட்சைப் போட்டேன். மோட்டார் ஒரு முனகலும் இல்லாமல் தடதடவென்று ஓடியது. நான் "ஐயோ!" என்று கத்தியேவிட்டேன். மூன்று நோயாளிகளும் கை தட்டினார்கள்.

முள் எட்டுக்குப் போய் மோட்டார் நின்றது. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். புஸ் வரவில்லை.

இப்போது எனக்கும் விளங்க ஆரம்பித்தது. மோட்டார் நிற்கும்போது, அதன் தலையிலும் தொட்டிக்குப் போகும் குழாயிலும் மிச்சம் இருக்கும் காற்று வெளியே போக வேண்டும். அதுதான் அந்தப் புஸ். அது போனால்தான் அடுத்த முறை மோட்டார் சுமை இல்லாமல் கிளம்ப முடியும். போகாவிட்டால், கிளம்பும்போதே எதிரே காற்று அடைத்துக்கொண்டு நிற்கும். தள்ள முடியாமல் உறுமும். நான் தினமும் தொட்டியைக் காலி செய்துவிடுவதால் காலையில் முதல் ஓட்டம் மட்டும் எப்போதும் சுலபம். அதனால்தான் இன்று காலையில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கெப்பாசிட்டர் கெட்டிருந்தால் காலித் தொட்டியிலும் மோட்டார் முக்கித்தான் இருக்கும்.

அக்கா பிளக்கையே பிடுங்கி என் கையில் கொடுத்தார். தொட்டியைத் திரும்பவும் காலி செய்தார். பிறகு, தொட்டியிலிருந்து வரும் மெல்லிய குழாயைக் கைவிரலால் தடவிக்கொண்டே போய், கரண்டை வெட்டிச் சேர்க்கும் பெட்டிக்குக் கீழே நிறுத்தினார். அங்கே குட்டி வால்வு ஒன்று இருந்தது. மோட்டார் நிற்கும்போது அதன் ஊசி உள்ளே அமுங்கி, காற்றை வெளியே விட வேண்டும். அக்கா என் போனின் டார்ச்சை வாங்கி அடித்தார். பார்த்துவிட்டு, கூப்பிட்டார்: "ஆ!"

ஊசியைச் சுற்றி, ஓட்டைக்குள், செம்மண் பூசி அழகாக மெழுகி வைத்திருந்தது. பத்து நாளாக ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், தகரக் கூரைக்கடியில், ஒரு குளவி வீடு கட்டியிருக்கிறது. மண் காய்ந்து ஊசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

அக்கா ஒரு ஸ்குரூ டிரைவரைத் தேடினார். அந்த ஓட்டைக்கு எந்த டிரைவரும் நுழையாது. எனக்குச் சட்டென்று உற்சாகம் பொங்கியது. இது வரை எல்லாம் அக்காவின் வேலை. இதோ, சின்ன ஓட்டைக்குள் அடைந்திருப்பதைச் சுரண்டி எடுக்கும் வேலை. இதற்குத்தானே ஐந்து வருடம் படித்தேன்!

உள்ளே ஓடி, நுனி வளைந்த பழைய கம்பியையும் கண்ணாடியையும் எடுத்து வந்தேன். தரையில் மணை போட்டு உட்கார்ந்தேன். அக்கா டார்ச்சைப் பிடித்தார். "இன்னும் கொஞ்சம் இக்கட்டால" என்று நான் சொல்லச் சொல்ல வெளிச்சம் என் பக்கம் நகர்ந்தது. பல்லின் சொத்தையைச் சுரண்டுவது மாதிரியே, ஓரத்திலிருந்து ஆரம்பித்து, ஊசியில் கீறல் விழாமல், மண்ணைப் பொடிப்பொடியாக எடுத்தேன். கடைசிக் கட்டி கழன்று என் உள்ளங்கையில் விழுந்து உடைந்தது. அதற்குள்ளிருந்து பச்சை நிறத்தில் இரண்டு சின்னப் புழுக்கள். குளவி தன் குஞ்சுக்காகப் பிடித்து வைத்தவை. ஒன்று இன்னும் நெளிந்தது.

வீட்டுக்காரர் குனிந்து என் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"ஏனுங்க டாக்டரம்மா, பூச்சி இருக்காதுன்னீங்களே?"

அக்கா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ஒரு பக்க முகம் மட்டும் சிரித்தது, மறுபக்கம் அசையவில்லை. பஞ்சு வெளியே வந்து விழுந்தது. கன்னம் வீங்கிய அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காதீங்க, வலிக்குது, வலிக்குது" என்று சிரித்தார். நான் தரையிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தேன்.

விரலால் ஊசியை அமுக்கிப் பார்த்தேன். உள்ளே போய்த் திரும்பி வந்தது. பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டோம். தடதடவென்று ஓடியது. முள் ஐந்து, ஆறு, ஏழு. எட்டில் மோட்டார் நின்றது.

"புஸ்ஸ்."

அந்தச் சத்தத்துக்கு அவ்வளவு கைதட்டல் வேறெங்கும் கிடைத்திருக்காது. அக்கா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். உள்ளே போய்க் கருவியை ஓட்டிக் காற்றைக் குறைத்தேன். முள் இறங்கியதும் மோட்டார் உறுமாமல் தானாகக் கிளம்பியது. இரண்டு தடவை அப்படிச் சோதித்த பிறகுதான் நம்பினேன். கைகளை நன்றாகத் தேய்த்துக் கழுவி, புதுக் கையுறை மாட்டி, அக்காவை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தேன். வாயை அலசச் சொல்லி, இன்னும் கொஞ்சம் மருந்து போட்டு, பல்லின் உள்ளே சுத்தம் செய்து அடைத்தேன். வேலை முடிந்ததும் ஒரு கண்ணாடியில் எதையோ தேடுவது போல அக்கா தன் பல்லைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன்: "இதுல இல்லக்கா. சத்தியமா இல்ல."

மரப்பு தெளியும் வரை மற்றவர்களைப் பார்த்து முடித்தேன். மதியத்துக்கு மேல் அக்காவுக்குப் பேச்சு திரும்பியது. அத்தனை நேரம் அடக்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. "மூச்சு உட்டுச்சான்னு கேட்டா மிசினுக்குப் பூ வெக்கோணும்ங்கறாரு மனுசன்! நல்லாப் பேசறப்பவே பாதிதான் காதுல வாங்குவாரு, வாய் மரத்தா எங்க வெளங்கப் போவுது? டாக்டரம்மா, இதே மாதிரி எங்கூட்டு மிசினு ஒரு தடவ நின்னுச்சு. அப்ப ரெண்டு நாளு மோட்டாரையே கழட்டிப் போட்டு உருட்டிக்கிட்டிருந்தேன். கடைசியில பாத்தா குளவி! அன்னிக்கு நான் பட்ட கோவத்துக்கு இன்னிக்குத்தான் பலன் கெடச்சுது."

மூன்றாம் நாள் மெக்கானிக் கெப்பாசிட்டரோடு ஏறி வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வாடவில்லை. "அட, நான் கேட்டிருக்கணும் மேடம். உறுமல் சத்தம் கேட்டதும் முடிவு பண்ணிட்டேன்" என்றார். வந்ததற்கு, தூசி அடைந்திருந்த காற்று வடிகட்டியை மாற்றிக் கொடுத்தார். ஒரு சுளை பலாப்பழம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கால்வாசிப் பழத்தைக் காலி செய்துவிட்டுத்தான் இறங்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கடைக்குப் போனேன். பல்லைப் பார்ப்பது ஒரு சாக்கு. அவருடைய கம்ப்ரசர் என்னுடையதைவிட மூன்று மடங்கு பெரிது, பெல்ட் போட்டது, மஞ்சள் பெயின்ட் உரிந்தது. ராத்திரி முழுக்கக் காற்று எங்கேயோ கசிகிறதாம். சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவினோம். மூன்றாவது இணைப்பில் குமிழி முட்டை முட்டையாகக் கிளம்பியது. அதைக் கழற்றி, வெள்ளை டேப்பைப் புதிதாகச் சுற்றி அக்கா இறுக்கிக்கொண்டிருந்தபோது ரோட்டில் ஒரு கார் வந்து நின்றது. அருவிக்குப் போகும் குடும்பம். முன் டயரில் காற்று குறைவு.

"நீங்களே புடிங்க டாக்டரம்மா" என்று குழாயை என் கையில் கொடுத்தார் அக்கா.

நான் குந்தி உட்கார்ந்து வால்வில் குழாயை அழுத்தினேன். டயர் மெல்ல நிமிர்ந்தது. கார் ஓட்டி வந்தவர் என்னையும் என் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "புதுசா வேலைக்குச் சேந்திருக்காங்களா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"பல்லு டாக்டருங்க" என்றார் அக்கா, ஸ்பேனரிலிருந்து தலையைத் தூக்காமலே. "காத்து புடிக்கப் பழகறாங்க."

கார்க்காரர் நம்பவில்லை. பின் சீட்டிலிருந்த அவருடைய மனைவி மட்டும் ஜன்னலை இறக்கி, வாயைத் திறந்து, கடைவாயைக் காட்டி, "இங்க கொஞ்சம் கூசுதுங்க, பாக்கறீங்களா?" என்று கேட்டார். குழாயை அக்காவிடம் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, போனின் டார்ச்சை எடுத்தேன்.